மாடில செலரி போடப்போறீங்களா, தண்ணி விஷயத்துல மட்டும் ஏமாந்துடாதீங்க

ஃப்ரைட் ரைஸுக்கு ரெண்டு தண்டு வேணும்னா கூட கடைல முழு கட்டா தான் தர்றாங்க, மிச்சம் ஃப்ரிட்ஜ்ல வதங்கி குப்பைக்கு போகும், அந்த எரிச்சல்ல தான் கோயம்புத்தூர்ல எங்க மாடில செலரி போட ஆரம்பிச்சேன்.

இதுக்கு 15லேர்ந்து 21 டிகிரி வரைக்கும் இருந்தா குஷி. ஊட்டி, கொடைக்கானல்காரங்களுக்கு பிரச்சனையே இல்ல, நம்மள மாதிரி கீழ இருக்கவங்க செப்டம்பர்லயே விதை போட்டுடணும், அப்பதான் டிசம்பர் ஜனவரி குளிர்ல செடி வளரும்.

விதை கடுகை விட ரொம்ப பொடிசு. ராத்திரி ஊறவெச்சு, காலைல வடிகட்டி மணல்ல கலந்து ட்ரேல தூவுங்க, மேல மண்ணு போட்டு மூடாதீங்க, முளைக்க வெளிச்சம் வேணும். தண்ணி ஸ்ப்ரேயர்ல தான், மக்குல ஊத்தினா விதை எல்லாம் ஓரத்துக்கு அடிச்சிட்டு போய் அங்கயே கும்பலா முளைக்கும். 2, 3 வாரம் ஆகும், பத்தாவது நாள் ஒண்ணுமே காணோமேன்னு ட்ரேயை கொட்டிடாதீங்க (நான் கொட்டினேன்). முளைச்சு வர்றது அச்சு அசல் கொத்தமல்லி மாதிரியே இருக்கும்.

ரெண்டு, ரெண்டரை மாசத்துல நாலஞ்சு இலை வந்ததும் 12 இன்ச் பைக்கு ஒண்ணுன்னு மாத்திடுங்க. மண்ணு, தேங்கா நார் கழிவு, மண்புழு உரம் சம அளவு. நல்லா தின்னும், அதனால ரெண்டு வாரத்துக்கு ஒருதடவை ஒரு கை உரம் போடுங்க. மதியம் வெயில் படாம ஷேட் நெட் கீழ வைங்க.

இப்போ தண்ணி. வேர் மேலாப்புல தான் ஓடும், ஒரு நாள் காஞ்சா கூட தண்டுல தெரிஞ்சிடும். ஒரு கல்யாணத்துக்கு மூணு நாள் ஊருக்கு போயிட்டு வந்தேன், செடி பச்சையா தான் நின்னுச்சு, ஒடிச்சு கடிச்சா ஒரே கசப்பு, முருங்கைக்கா மாதிரி நார் நாரா வாய்ல மாட்டுது. அப்புறம் எத்தனை தண்ணி ஊத்தியும் அந்த தண்டு திருந்தல, புதுசா வந்தது தான் நல்லா இருந்துச்சு. இப்பல்லாம் காஞ்ச இலையை மூடாக்கா போட்டு வெச்சிடுறேன். நடுக்குருத்து கருகினாலும் முக்காவாசி தண்ணி ஒருநாள் அதிகம் ஒருநாள் கம்மின்னு ஊத்தினதால தான், அப்ப கால்சியம் குருத்துக்கு போய் சேராது.

கடை செலரி தடிமன் நம்ம மாடில வராதுங்க, விரல் மொத்தம் வந்தாலே வெளித்தண்டா பாத்து ஒடிச்சுக்கோங்க, நடுவுல இருந்து புதுசு வந்துட்டே இருக்கும். இலையையும் தூக்கிப் போடாதீங்க, சூப்ல போட்டா வாசம் தண்டை விட தூக்கலா இருக்கும், நான் அடை மாவுல கூட நறுக்கி போட்டுட்டேன், வீட்ல யாருமே கண்டுபிடிக்கல.