வீட்டில் ஒருவருக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்தால் என்ன செய்வது? திருகோணமலைக்காரர்களுக்கு

முதல் வேலை, யாருக்கும் போன் எடுக்காதீர்கள். அண்ணாவுக்கு மட்டும், சின்னம்மாவுக்கு மட்டும் என்று தொடங்கினால் காலையில் உப்புவெளியில் சொன்ன கதை பின்னேரத்துக்குள் கிண்ணியாப் பாலம் தாண்டிவிடும். யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்பதைத் தொற்றுள்ளவர்தான் தீர்மானிக்க வேண்டும். கணவன் அல்லது மனைவி விஷயம் மட்டும் வேறு, அவருக்கும் பரிசோதனை செய்ய வேண்டும் என்பதால் தெரிந்தே ஆக வேண்டும். எப்படி வாய் திறப்பது என்று தடுமாறினால் கிளினிக்கில் உள்ளவர்களே அதற்கு உதவுவார்கள்.

அடுத்தது, கையில் இருக்கிற ரிப்போட். முதல் சோதனையில் பொசிட்டிவ் வந்தால் அதுவே கடைசி முடிவு இல்லை, உறுதிப்படுத்தும் சோதனை செய்த பிறகுதான் எதுவும் சொல்ல முடியும். தனியார் லாப் தந்த துண்டை வைத்துக்கொண்டு இரவு முழுக்க கூகுளில் தேடி அழுவதை விட்டுவிட்டு, விடிந்ததும் பெரியாஸ்பத்திரியின் பாலியல் நோய் கிளினிக்குக்குப் போங்கள். காசு கட்டத் தேவையில்லை, வேறு டாக்டரின் கடிதமும் தேவையில்லை, விபரங்களை வெளியே விட மாட்டார்கள். வாசலில் தெரிந்தவர் யாராவது கண்டுவிட்டால் என்ற பயம் நியாயமானதுதான். மட்டக்களப்பிலோ அனுராதபுரத்திலோ உள்ள கிளினிக்குக்கும் போகலாம், ஆனால் இது ஒரு தடவையோடு முடிகிற வேலை இல்லை, ஒவ்வொரு முறையும் பஸ் காசும் ஒரு நாள் கூலியும் போகிறபோது நாலாம் முறை போகாமல் விட்டுவிடுவார்கள். கிட்ட உள்ளதற்கே போங்கள் என்பேன். வாசலில் உங்களைக் கண்டவரும் ஏதோ ஒரு காரணத்துக்காகத்தானே அங்கே நிற்கிறார்.

ஆணுறை கிழிந்துவிட்டது, ஊசி குத்திவிட்டது மாதிரியான அவசரம் என்றால் 72 மணித்தியாலத்துக்குள் போக வேண்டும், எவ்வளவு கெதியாகப் போகிறீர்களோ அவ்வளவு நல்லது. டாக்டர் பார்த்துத் தேவை என்றால், தொற்றாமல் தடுக்க 28 நாள் குளிசை தருவார். சனி ஞாயிறு என்று பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள், அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்க் கேளுங்கள்.

இனி வீடு. தேத்தண்ணிக் கோப்பையைத் தனியாக்காதீர்கள். இதை யாரும் வாயால் சொல்லிச் செய்வதில்லை. குசினியில் கைபிடி உடைந்த ஒரு கோப்பையோ, அடியில் நெயில் பொலிஷ் பொட்டு வைத்த ஒரு தம்ளரோ மெல்ல மெல்ல ஒருத்தருக்கு மட்டும் என்று ஆகிவிடும். அப்புறம் தனிப் பீங்கான், அப்புறம் தனிச் சவர்க்காரம், அப்புறம் பிள்ளை மாமாவின் மடியில் ஏறப் போனால் "இங்க வா, வீட்டுப்பாடம் செய்" என்று ஒரு குரல். அவருக்கு இதெல்லாம் முதல் நாளே விளங்கிவிடும். எச்சில், வியர்வை, கண்ணீர், நுளம்பு, கக்கூஸ், ஒரே கோப்பையில் சாப்பிடுவது, கட்டிப்பிடிப்பது எதனாலும் இது தொற்றாது. இரத்தம், விந்து, பெண்ணுறுப்புத் திரவம், மலவாய்த் திரவம், தாய்ப்பால், இவை வழியாகத்தான் வரும். ஆகவே சவர பிளேடும் பல்துலக்கியும் ஆளுக்கொன்று, அது எந்த வீட்டிலும் அப்படித்தான் இருக்க வேண்டும். வெட்டுக்காயம் பட்டு இரத்தம் சிந்தினால் கையுறை போட்டு, பிளீச்சிங் கரைத்துத் துடையுங்கள். வேறு ஒன்றும் இல்லை.

குளிசைக்குத்தான் உங்கள் உதவி உண்மையில் தேவை. இப்போது பெரும்பாலோருக்கு நாளுக்கு ஒன்றுதான், ஆனால் ஆயுள் முழுக்க, ஒவ்வொரு நாளும். ஒழுங்காகப் போட்டால் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் இரத்தத்தில் வைரஸ் சோதனையில் பிடிபடாத அளவுக்குக் குறைந்துவிடும், அந்த நிலையில் தொடர்ந்து இருப்பவரிடம் இருந்து உடலுறவு மூலம் மற்றவருக்குத் தொற்றாது. 1987இல் இலங்கையில் முதலாவது தொற்றாளர் அடையாளம் காணப்பட்டபோது இப்படிச் சொல்ல யாராலும் முடியவில்லை, ஊரில் இன்னும் பாதிப் பேர் அந்தக் காலத்துப் பயத்தோடுதான் இருக்கிறார்கள். சரி, நடைமுறைக்கு வருவோம். கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் இருந்து பல நாள் போட்டில் போகிறவர் என்றால், போட் பிந்தி வரும் என்று கணக்குப் பார்த்து கூடுதலாகக் குளிசை கட்டிக் கொடுங்கள், தண்ணி படாத போத்தலில். நோன்பு காலத்தில் சஹருக்கோ நோன்பு திறந்த பிறகோ போடலாம், நேரத்தை மாற்றுவதை மட்டும் டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். டொலுடெக்ராவிர் என்ற மருந்து உள்ள குளிசை என்றால் கல்சியம், இரும்புச்சத்து, வயிற்று எரிவு மருந்துகளை எப்போது எடுப்பது என்று கேட்டு எழுதி வாங்குங்கள், கண்டபடி சேர்த்தால் குளிசையின் வேலை குறைந்துவிடும். "உடம்பு தேறிட்டுது, இனி கசாயம் போதும்" என்று நிறுத்தச் சொல்கிற சொந்தக்காரர் ஒருவர் எல்லா வீட்டிலும் இருக்கிறார். அவருக்குச் சோறு போட்டு அனுப்பிவிடுங்கள்.

தொற்றுள்ளவர் கர்ப்பமாக இருந்தால் பயந்து ஒளிய வேண்டாம். தாயிடம் இருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் இலங்கைக்குச் சான்றிதழ் தந்தது. அது நடந்தது கர்ப்பிணிகளைக் கிளினிக்கில் பரிசோதித்து நேரத்துக்கு மருந்து கொடுத்ததால்தான்.

குடும்பத்தைக் குலைப்பது அநேகமாக ஊர் பேசும் கதைதான். தங்கச்சிக்குப் பேசிய சம்பந்தம் தட்டிப்போகும், மீன் விற்கிறவரிடம் ஆட்கள் வாங்குவதை நிறுத்துவார்கள், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் தனி வாங்கில் இருத்துவார்கள். பிள்ளை விஷயத்தில் மட்டும் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காதீர்கள். தகப்பன் எய்ட்ஸில் இறந்தார் என்ற வதந்தியால் பாடசாலைகள் சேர்க்க மறுத்த ஒரு சிறுவனின் வழக்கு கொழும்பு வரை போய், எச்.ஐ.வி. உள்ள பிள்ளைகள் உட்பட எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி உரிமை உண்டு என்று உயர் நீதிமன்றம் 2016இல் சொல்லிவிட்டது. அதிபர் இழுத்தடித்தால் காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள், பாதி அதிபர்மார் அதிலேயே இறங்கி வருவார்கள்.

கடைசியாக, வெளிநாட்டுக்குப் போக மெடிக்கல் செய்த இடத்தில் தெரியவந்தவர்களுக்கு. மூதூர், கிண்ணியாப் பக்கம் இப்படித்தான் சிலருக்குத் தெரிய வருகிறது, அதுவும் பயணத்துக்கென்று வட்டிக்குக் கடன் வாங்கிய பிறகு. ரிப்போட்டைக் கையில் வாங்கிக்கொண்டு நேரே கிளினிக்குக்குப் போங்கள். ஏன் போகவில்லை என்று அயலட்டையில் கேட்டால் "மெடிக்கல் சரிவரல்ல" என்றால் போதும். எக்ஸ்ரேயில் பழைய காசத் தழும்பு, ஹெபடைட்டிஸ் என்று எத்தனையோ காரணத்துக்குத் திருப்பி அனுப்புகிறார்கள், அதனால் யாரும் தோண்டிக் கேட்க மாட்டார்கள், நீங்களும் பொய் சொன்னதாக ஆகாது.