மனப்பாரத்தை வண்ணத்தில் இறக்கி வைக்கும் முறை

வண்ணங்களுக்குப் பொருள் கூறும் அட்டவணைகளில் பச்சை என்றால் அமைதி, சிவப்பு என்றால் கோபம் என்று எழுதியிருக்கும். மனத்தில் உள்ளதை ஓவியத்தால் வெளிப்படுத்த விரும்புகிறவர் முதலில் அந்த அட்டவணையை ஒதுக்கி வைக்க வேண்டும். நுவரெலியாவைச் சுற்றிப் பார்க்க வருகிறவருக்குத் தேயிலைச் சரிவின் பச்சை அமைதியாகத் தெரியலாம். காலையிலிருந்து அதே சரிவில் கொழுந்து பறித்து, நிறை குறைந்ததால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், மட்டும் பெற்றுத் திரும்பும் பெண்ணுக்கு அது வேறொரு நிறம். ஹட்டனுக்கு அருகே தோட்டத்து அக்கா ஒருவர், பெஸ்டல் வண்ணக்குச்சி முறியும் அளவுக்கு அழுத்திப் பச்சை தீட்டியதைப் பார்த்திருக்கிறேன். தேயிலை மலையா என்று கேட்டேன். "இல்லை தம்பி, தராசு" என்றார்.

ஆகவே உங்கள் நிறங்களை நீங்களே கண்டறிவதிலிருந்து தொடங்குங்கள். சித்திரக் கொப்பியின் ஒரு பக்கத்தில் தீப்பெட்டி அளவில் பத்துப் பன்னிரண்டு கட்டங்கள் வரைந்து, ஒவ்வொன்றிலும் ஒரு நிறத்தை நிரப்பி, அதைக் கண்டதும் நினைவுக்கு வரும் இடத்தையோ ஆளையோ பொருளையோ அதன் கீழே எழுதுங்கள். 'மகிழ்ச்சி', 'சோகம்' போன்ற சொற்களைத் தவிர்த்துவிடுங்கள். வெள்ளையின் கீழே மட்டும் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்துச் சுவரின் சுண்ணாம்பு, இழவு வீட்டுக் கொடி, மல்லிகைச் சரம் என மூன்று வரக்கூடும், மூன்றையும் எழுதுங்கள். உணர்வை நிறமாகவே காண்பது தமிழுக்குப் புதிதன்று. பிரிவுத் துயரால் மேனியில் படரும் பசலையைச் சங்கப் புலவர்கள் பீர்க்கம்பூவின் நிறத்தோடு ஒப்பிட்டார்கள். திருக்குறளின் 119ஆம் அதிகாரம் முழுவதும் அந்தப் பசப்பைப் பற்றியதே. மங்கலம் என்று நாம் போற்றும் மஞ்சளுக்குள் ஏக்கமும் இருந்திருக்கிறது.

வண்ணப் பெட்டி இல்லையென்றால் சமையலறையே போதும். பாலில்லாத தேநீரைச் சாயத்தண்ணி என்று அழைக்கும் நமக்கு முதல் சாயம் அடுப்பிலேயே இருக்கிறது. தேயிலைத்தூளைக் கெட்டியாகக் கொதிக்கவைத்து வடித்தால் பழுப்பு கிடைக்கும். அதில் துருப்பிடித்த ஆணியொன்றை ஓரிரவு ஊறவிட்டால், தேயிலையின் துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து சாம்பல் கலந்த கறுப்பாகும். கெட்டியான மஞ்சள் நீரைத் தாளில் பூசி, அதன்மேல் சுண்ணாம்பு நீரைத் தூரிகையால் தொட்டால், ஆலத்தித் தட்டில் காண்பது போல அந்த இடம் சிவக்கும். தணிந்திருந்த மஞ்சள் ஒரு துளியில் சிவப்பதைக் கண்முன் காண்பது, தன் திடீர்க் கோபத்தைச் சொல்லத் தெரியாத ஒருவருக்குப் பேச்சைவிட நன்றாக உதவும் என்பது என் எண்ணம். சுண்ணாம்பு கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; மஞ்சள் வெயிலில் வெளிறும் என்பதால் ஓவியத்தைக் கொப்பிக்குள் வையுங்கள்.

எந்த உணர்வுக்கு எந்த நிறம் என்பதைவிட, எந்த உணர்வுக்கு எந்தக் கையசைவு என்பது முக்கியமானது. கோபத்துக்கு அடுப்புக்கரியோ பெஸ்டலோ எடுத்து, பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் தோளிலிருந்து கை முழுவதையும் வீசித் தீட்டுங்கள். துக்கத்துக்குத் தாளை முதலில் நீரால் நனைத்து, அதன்மேல் வண்ணத்தைச் சொட்டவிடுங்கள்; மலையில் மூட்டம் இறங்குவது போல அது தன் போக்கில் பரவும், நீங்கள் தடுக்க வேண்டியதில்லை. வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒன்று இருந்தால், வெள்ளை மெழுகுவர்த்தியால் அதைத் தாளில் எழுதி, மேலே சாயத்தைப் பூசுங்கள். மெழுகு பட்ட இடத்தில் நீர் ஒட்டாததால், எழுதியது வெள்ளையாக எழுந்து வரும். படிக்கலாம், அல்லது அடுத்த பூச்சைக் கெட்டியான கரியால் இட்டு மறைக்கலாம். தென்மேல் பருவக்காற்றின் மாதங்களில் நனைந்த தாள் எளிதில் உலராது. அந்நாட்களில் பெஸ்டலே நல்லது.

ஓர் அமர்வுக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். அமெரிக்காவின் ட்ரெக்சல் பல்கலைக்கழகத்தில் 39 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வில், 45 நிமிடங்கள் கலைப் படைப்பில் ஈடுபட்டவர்களில் ஏறத்தாழ 75 சதவீதத்தினரின் உமிழ்நீரில், மன அழுத்தத்தோடு தொடர்புடைய கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோன் குறைந்திருந்தது. வரைந்து பழகியிருக்க வேண்டும் என்ற அவசியமும் அதில் காணப்படவில்லை.

பிள்ளைகளோடு செய்யும்போது, "ஏன் கறுப்பு அடித்தாய்?" என்று கேட்காதீர்கள். கறுப்பு அவர்களுக்கு இரவாகவோ ஆட்டுக்குட்டியாகவோ இருக்கலாம். "இந்தப் படத்தைப் பற்றிச் சொல்லு" என்பதே போதும். தூக்கமின்மையோ உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமோ தொடர்ந்தால் வண்ணத்தை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. இலங்கையின் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தை உடனே அழையுங்கள்.

தீட்டி முடித்ததும் ஓவியத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்துவிடுங்கள். மறுநாள் அதை எடுத்துப் பார்த்து, இன்னும் ஒரு நிறம் கேட்கிறதா என்று மட்டும் யோசியுங்கள். கேட்டால் சேருங்கள்; கேட்காவிட்டால் பின்புறத்தில் திகதியை எழுதி வையுங்கள். யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. வேண்டாமென்று தோன்றினால் அடுப்பில் இட்டுவிடலாம்.