லாக் போட்டுத் தருகிறேன், நம்பர் உங்களுடையதாக இருக்கட்டும்

கம்பத்தில், கம்பம்மெட்டு ரோட்டை ஒட்டி மொபைல் கடை வைத்திருக்கிறேன். ரீசார்ஜ், டிஸ்ப்ளே மாற்றுவது, டெம்பர் கிளாஸ் ஒட்டுவதுதான் தொழில். ஏப்ரல், மே வந்துவிட்டால் இன்னொரு வேலையும் சேர்ந்துகொள்ளும். "அண்ணே, பய கண்டதையும் பாக்குறான், ஒரு லாக்கு போட்டுக் குடுங்க." கேட்பவர்கள் பெரும்பாலும் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். விடிவதற்குள் ஜீப் ஏறி இடுக்கிப் பக்கம் போனால், இறங்கி வர சாயங்காலம் ஆகிவிடும். அதுவரை வீட்டில் பிள்ளை, அப்பத்தா, ஒரு போன்.

லாக் போடப் பத்து நிமிடம் போதும். போட்டுத் தருகிறேன், காசும் வாங்குவதில்லை. ஆனால் நம்பர் போடும் இடம் வந்ததும் போனை அம்மாவிடம் நீட்டினால், அவர் பக்கத்தில் நிற்கும் பையனைப் பார்க்கிறார். "நீயே போடுடா, எனக்கு ஞாபகம் இருக்காது." அப்புறம் எதற்கு லாக்? ஆகவே இந்த வேலையை வீட்டில் உட்கார்ந்து நீங்களே செய்யுங்கள். பிள்ளையின் பிறந்த தேதி, வண்டி நம்பர், போன் நம்பரின் கடைசி நாலு எண் இதெல்லாம் வேண்டாம். பிள்ளைகள் முதலில் அடித்துப் பார்ப்பது அதைத்தான்.

பேரண்டல் கன்ட்ரோலை, அதாவது பெற்றோர் போடும் பூட்டைத் தேடுவதற்கு முன்னால், போனில் யாருடைய ஜிமெயில் கணக்கு இருக்கிறது என்று பாருங்கள். செட்டிங்ஸ், அதில் கூகுள், அதில் உங்கள் கணக்கை நிர்வகிக்கும் பகுதி, அதில் சொந்த விவரங்கள். அங்கே பிறந்த தேதி இருக்கும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை பயன்படுத்தும் போனில் 1988 என்று இருப்பது சாதாரணம். 2020இல் ஆன்லைன் வகுப்புக்காக அவசரம் அவசரமாகப் போன் வாங்கியபோது, கடைப் பையனோ பிள்ளையோ வாய்க்கு வந்த வருடத்தைப் போட்டுக் கணக்கு தொடங்கியிருப்பார்கள். 13 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கணக்கோடு இணைக்கச் சொல்லும், அந்த இழுவை வேண்டாம் என்று வயதைக் கூட்டிவிடுவது. அன்றிலிருந்து கூகுளுக்கு அந்தப் பிள்ளை வளர்ந்த ஆள். யூடியூபில் வயதுக் கட்டுப்பாடு போட்ட வீடியோவும் தடையில்லாமல் திறக்கும். இதைச் சரிசெய்யாமல் மேலே என்ன லாக் போட்டாலும், முன்கதவைப் பூட்டிவிட்டுக் கொல்லைக்கதவைத் திறந்து போட்ட கதைதான்.

பிள்ளைக்கென்று தனிப் போன் இருந்தால், உண்மையான வயதைப் போட்டுப் புதிதாகக் குழந்தைக் கணக்கு தொடங்கி, கூகுளின் 'ஃபேமிலி லிங்க்' ஆப்பில் உங்கள் போனோடு இணையுங்கள். புது ஆப் எதைக் கேட்டாலும் அனுமதி கேட்டு உங்களுக்கு வரும். அப்பா இடுக்கியில் வண்டன்மேட்டுத் தோட்டத்தில் இருந்தாலும் சிக்னல் கிடைக்கும்போது பார்த்து, சரி அல்லது வேண்டாம் என்று சொல்லலாம். ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம், ராத்திரி எத்தனை மணிக்குப் போன் பூட்டிக்கொள்ள வேண்டும் என்பதையும் அதிலேயே வைக்கலாம். 13 தாண்டிய பிள்ளை என்றால் அவனும் சம்மதிக்க வேண்டியிருக்கும். அது நல்லதுதான். அந்த வயதுப் பையனுக்குத் தெரியாமல் காவல் வைத்தால், அவன் உங்களுக்குத் தெரியாமல் வேறு போன் தேடுவான்.

வீட்டுக்கே ஒரு போன் என்றால் வழி வேறு. ப்ளே ஸ்டோரைத் திறந்து, மேலே வலது மூலையில் இருக்கும் வட்டத்தைத் தொட்டு, செட்டிங்ஸ், ஃபேமிலி, பேரண்டல் கன்ட்ரோல்ஸ் என்று போங்கள். நாலு இலக்க நம்பர் கேட்கும். அப்புறம் 3+, 7+, 12+, 16+, 18+ என்று வரிசையாக வரும். பிள்ளையின் வயதுக்கு ஏற்ற இடத்தில் நிறுத்துங்கள். அதே செட்டிங்ஸில் பணம் கட்டும்போதெல்லாம் சரிபார்ப்புக் கேட்கும்படியும் வைத்துவிடுங்கள்.

இதோடு முடிந்தது என்றுதான் பலரும் போனை வாங்கிக்கொண்டு போகிறார்கள். முடியவில்லை. இந்தப் பூட்டு இனிமேல் ப்ளே ஸ்டோரிலிருந்து இறக்குவதற்கு மட்டும்தான். ஏற்கெனவே போனில் இருக்கும் கேம் அப்படியே இருக்கும், அதை நீங்கள்தான் அழிக்க வேண்டும். இன்னொன்று, எங்கள் தெருப் பிள்ளைகள் ப்ளே ஸ்டோர் பக்கமே போவதில்லை. ஒருவன் போனில் ஏபிகே ஃபைல், அதாவது ப்ளே ஸ்டோர் இல்லாமலே ஆப்பை ஏற்றும் ஃபைல் இருந்தால் திண்ணையில் உட்கார்ந்து ஷேர் பண்ணியே தெரு முழுக்கப் பரப்பிவிடுவார்கள். செட்டிங்ஸில் 'இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ்' என்று தேடுங்கள். குரோம், வாட்ஸ்அப், ஃபைல் மேனேஜர், ஷேர் ஆப் என்று பட்டியல் வரும். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அணையுங்கள். பிள்ளை மறுபடி போட்டுக்கொள்ளத் தெரிந்தவன் என்றால், செட்டிங்ஸையே ஆப் லாக்கில் பூட்டுங்கள். பல போன்களில் அந்த வசதி கூடவே வருகிறது.

18+ என்றால் என்ன என்று பெற்றோருக்கே தெளிவில்லை. ஒரு அப்பா கேட்டார், "கார் ஓட்டுற கேம்தானண்ணே, அதுல என்ன இருக்கு?" அவர் சொன்னது ஜிடிஏ 5. 2013இல் வந்தது. ஐரோப்பாவில் அதற்குக் கொடுத்த வயது 18, அமெரிக்காவில் 17. கார் ஓட்டலாம், உண்மைதான். கூடவே ரோட்டில் போகிறவரை இழுத்துப் போட்டு அடிக்கலாம், போலீஸைச் சுடலாம், பெண்கள் உடை களைந்து ஆடும் கிளப்புக்குள் போகலாம். கதையில் ஒரு கட்டத்தில், ஒருவனைக் கட்டி வைத்துச் சித்திரவதை செய்யும் வேலை ஆடுகிறவன் கைக்கே வரும். வளர்ந்தவர்களுக்காகச் செய்த கேம், அவர்கள் ஆடட்டும். அதில் எனக்குப் புகார் இல்லை. பெட்டியின் மேல் வயதை எழுதியதோடு தயாரித்தவர் வேலை முடிந்தது. அதைப் படிக்க வேண்டியவர் வீட்டில் இருக்கிறவர்தான்.

சினிமாவுக்கு இருப்பது போல கேமுக்கு நம் நாட்டில் சென்சார் போர்டு சான்றிதழ் கிடையாது. ப்ளே ஸ்டோரில் பார்க்கும் எண், கேம் தயாரித்தவர் நிரப்பிக் கொடுக்கும் கேள்வித்தாளை வைத்து வருவது. ஆகவே எண்ணைத் தொட்டுப் பாருங்கள், வன்முறையா, கெட்ட பேச்சா, காசு கட்டும் வசதியா என்று விவரம் வரும். அதற்கு மேல் நம்பகமான வழி ஒன்றுதான்: அரை மணி நேரம் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, அவனை ஆடவிட்டுப் பாருங்கள். "இது யாரு, இவனை ஏன் அடிக்கிற?" என்று கேளுங்கள். பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்ல ரொம்பப் பிடிக்கும், எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்கள்.

கேமை இறக்காத பிள்ளையும் அதை யூடியூபில் யாரோ ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். அங்கே ப்ளே ஸ்டோர் பூட்டு செல்லாது. சின்னப் பிள்ளை என்றால் யூடியூப் கிட்ஸ் போட்டு, நீங்கள் ஒப்புக்கொண்ட வீடியோ மட்டும் வரும்படி வைக்கலாம். பெரிய பிள்ளைக்கு யூடியூப் செட்டிங்ஸில் 'ரெஸ்ட்ரிக்டட் மோட்' போடுங்கள், பெரியவர்களுக்கான வீடியோவை அது வடிகட்டும். ஆனால் எல்லாவற்றையும் அது தடுத்துவிடாது, தமிழில் திட்டிக்கொண்டே ஆடுகிறவர்கள் நிறையத் தப்பிவிடுவார்கள்.

ரத்தத்தை விட எனக்குப் பயம், ஆடுகிறவர்கள் பேசிக்கொள்ளும் வாய்ஸ் சாட்தான். நாலு பேர் சேர்ந்து ஆடும் துப்பாக்கிக் கேம்களில் மற்ற மூவர் யார் என்று தெரியாது. கேரள எல்லையில் இருப்பதால் எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு மொழிக் கெட்ட வார்த்தையும் சுலபமாகப் புரியும். கேமின் ஆடியோ செட்டிங்ஸில் மைக்கையும் ஸ்பீக்கரையும் 'டீம்' என்றோ 'ஆஃப்' என்றோ வைக்கலாம், ஆஃபில் வையுங்கள். கூடவே வீட்டில் ஒரு சட்டம்: கேம் ஆடும்போது இயர்போன் கிடையாது, ஆடுவது நடுவீட்டில். அப்பத்தாவுக்கு ஃபேமிலி லிங்க் புரியாது, ஆனால் காது கேட்கும். ஆம்பளைக் குரல் ஒன்று "உன் வீடு எங்க இருக்கு?" என்று கேட்டால், போனைப் பிடுங்கி வைக்க அவருக்கு எந்த ஆப்பும் வேண்டாம்.

காசு விஷயம். பத்து வயதுப் பையன் நூறு ரூபாய் நோட்டோடு கடைக்கு வந்து ரிடீம் கோடு கேட்கிறான், கேமில் டைமண்ட் வாங்க. வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்காமல் நான் கொடுப்பதில்லை. எல்லாக் கடையிலும் அப்படி எதிர்பார்க்க முடியாது. யுபிஐ பின் நம்பரைப் பிள்ளையிடம் சொல்லி மளிகைக்கு அனுப்பும் பழக்கம் இருந்தால் இன்றே மாற்றுங்கள்.

டிவியில் ஓடிடி வைத்திருப்பவர்களுக்கு: 2021இல் வந்த விதிப்படி அங்கே U, U/A 7+, 13+, 16+, A என்று போட்டிருப்பார்கள், 13+ முதல் பெற்றோர் பூட்டு வசதியும் கொடுக்க வேண்டும். பிள்ளைக்குக் கிட்ஸ் ப்ரொஃபைல் தொடங்கியதும் நிறையப் பேர் நிறுத்திவிடுகிறார்கள். பூட்ட வேண்டியது உங்கள் ப்ரொஃபைலை. ரிமோட்டில் ஒரு தட்டுத் தட்டினால் பிள்ளை அதற்குள் போய்விடுவான்.

ஆன்லைனில் பழகிய யாராவது பிள்ளையைப் படம் அனுப்பச் சொன்னாலோ, மிரட்டினாலோ, முதலில் பிள்ளையை அடிக்காதீர்கள். அடித்தால் மீதியைச் சொல்ல மாட்டான். கோபத்தில் மெசேஜை அழித்துவிடாமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், அந்த ஆளின் ஐடி தெரியும்படி. பிறகு 1930க்குப் போன் போடுங்கள், அது சைபர் குற்றத்துக்கு. குழந்தைகள் உதவிக்கு 1098. இரண்டும் நாடு முழுக்க ஒரே எண்கள், குமுளிக்கு இந்தப் பக்கம் இருந்தாலும் அந்தப் பக்கம் இருந்தாலும் அதையே அடிக்கலாம். ஸ்கிரீன்ஷாட் எடுக்கத் தெரியாவிட்டால் போனைக் கடைக்குக் கொண்டு வாருங்கள், எடுத்துத் தருகிறேன்.