எலுமிச்சைக்கும் காகிதப்பூவுக்கும் ஒரே தண்ணீர் வேண்டாம்

பெங்களூரு மாடித் தோட்டங்களில் எலுமிச்சையும் காகிதப்பூவும் (போகன்வில்லா) அநேகமாகப் பக்கத்துப் பக்கத்துத் தொட்டியில்தான் இருக்கும். இரண்டுக்கும் தினம் 6 மணி நேர வெயில் வேண்டும். ஒற்றுமை அதோடு சரி.

காகிதப்பூவைக் கொஞ்சம் காயவிடுங்கள். மேல்மண் நன்றாக உலர்ந்த பிறகு ஊற்றினால்தான் பூக்கும். தினமும் தண்ணீரும் தழைச்சத்து உரமும் கொடுத்தால் இலையாகவே தள்ளும். பூ முடிந்ததும் நுனிகளை வெட்டிவிடுங்கள், புதுத் துளிரில்தான் அடுத்த பூ.

எலுமிச்சையை அப்படிக் காயப்போட்டால் பூவும் பிஞ்சும் கொட்டிவிடும். எங்கள் அல்சூர் மாடியில் ஒரு மார்ச் மாதம் அப்படித்தான் மொத்தப் பிஞ்சும் போனது, இன்னும் மனசு ஆறவில்லை. ஒரு விரல் ஆழம் தொட்டுப் பாருங்கள்; ஈரம் இல்லையென்றால் ஊற்றுங்கள், ஆனால் தேங்கக் கூடாது. உரமும் இதற்குத்தான் அதிகம். ஒட்டுச் செடியானால் ஒட்டுக்குக் கீழே வரும் துளிரை உடனே கிள்ளுங்கள்.

இன்னொன்று, நம் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் உப்பு (கடினநீர்). எலுமிச்சையின் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அநேகமாக இந்தத் தண்ணீரால் வந்த இரும்புச்சத்துக் குறைவு. நர்சரியில் கிடைக்கும் நுண்ணூட்டக் கலவையை இலையில் தெளியுங்கள், மழைநீர் பிடித்து ஊற்றுங்கள்.