சிறு முகாம் டிரெய்லரைக் கரடுமுரடான பாதைக்குத் தயார் செய்தல்

காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் ஒற்றை அச்சு முகாம் டிரெய்லரை நம் தேவைக்கேற்ப மாற்றி அமைக்க நினைக்கும்போது, அடுப்பு, குளிர்ப்பெட்டி, கூரைக் கூடாரம் என்று ஒரு பட்டியல்தான் முதலில் உருவாகும். அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே அதன் எடையையும், அது அச்சிலிருந்து எவ்வளவு தூரத்தில் அமரப்போகிறது என்பதையும் எழுதி முடித்த பிறகே பட்டறை வாசலை மிதிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில், தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் வழியாக ஒகேனக்கல்லுக்குச் செல்லும் சாலையும், வத்தல்மலையின் கொண்டை ஊசி வளைவுகளும், சேலத்தை நோக்கி இறங்கும் தொப்பூர்க் கணவாயும் டிரெய்லரை வெவ்வேறு விதங்களில் சோதிப்பவை. மூன்றிலும் வண்டியைக் காப்பது எடை சரியான இடத்தில் இருப்பதுதான்.

பதிவுச் சான்றிதழ்

வேலை தொடங்கும் முன் சட்ட நிலையைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். டிரெய்லரும் பதிவு செய்யப்பட வேண்டிய வாகனமே. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆவது பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றி அமைக்க அனுமதி இல்லை. உச்ச நீதிமன்றமும் 2019இல் இதை வலியுறுத்தியது. ஆகவே, பழைய டிராக்டர் டிரெய்லரின் அச்சை எடுத்து வீட்டிலேயே புதிய இரும்புச் சட்டகம் பற்றவைத்து நெடுஞ்சாலையில் ஓட்டலாம் என்ற எண்ணத்தைக் கைவிட்டு, முறையாகச் சோதனை செய்யப்பட்டுப் பதிவாகக்கூடிய டிரெய்லரை வாங்கி, அதன் நீளம், அகலம், மொத்த எடை ஆகியவற்றைத் தொடாமல் உள்ளமைப்பை மட்டும் மாற்றுவதே பாதுகாப்பான வழி. 750 கிலோ மொத்த எடைக்கு உட்பட்ட டிரெய்லர்கள் இந்திய வாகன வகைப்பாட்டில் டி1 வகையில் அடங்கும். இந்தக் கட்டுரை அந்த அளவை மனத்தில் கொண்டே எழுதப்படுகிறது.

எடைக் கணக்கு

மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை, டிரெய்லரைக் காரோடு இணைக்கும் கொக்கியின் மேல் அமர வேண்டும். இதுவே கொக்கி எடை. 700 கிலோ எடையுள்ள டிரெய்லரில் இது 70 முதல் 105 கிலோ ஆகும். இதைவிடக் குறைந்தால், வேகம் கூடும்போது டிரெய்லர் பக்கவாட்டில் ஆடத் தொடங்கி, ஓட்டுநர் பிரேக் மிதிக்கும் கணத்தில் அந்த ஆட்டம் கட்டுக்கடங்காமல் போகலாம். மிகுந்தாலோ காரின் பின்புறம் தாழ்ந்து, முன் சக்கரங்களின் பிடிப்பு குறைந்துவிடும். இழுக்கும் காரின் கையேட்டில் கொக்கி எடைக்கும் இழுவை எடைக்கும் வரம்பு கொடுக்கப்பட்டிருந்தால் அதுவே இறுதியானது.

ஒரு பொருளை இடம் மாற்றினால் கொக்கி எடை எவ்வளவு மாறும் என்பதை எளிதாகக் கணக்கிடலாம். பொருளின் எடையை அது நகர்ந்த தூரத்தால் பெருக்கி, அச்சுக்கும் கொக்கிக்கும் இடையிலுள்ள தூரத்தால் வகுக்க வேண்டும். அச்சிலிருந்து கொக்கி 2400 மி.மீ. தூரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 60 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை அச்சுக்குப் பின்னால் 600 மி.மீ. தூரத்திலிருந்து அச்சுக்கு முன்னால் 200 மி.மீ. தூரத்துக்குக் கொண்டுவந்தால், 60 கிலோவை 800ஆல் பெருக்கி 2400ஆல் வகுக்க, கொக்கி எடை 20 கிலோ கூடுகிறது. தண்ணீர் தீரத் தீர எடை குறைந்துகொண்டே போகும் பொருள் என்பதால், தொட்டியை அச்சுக்கு மேலேயோ சற்று முன்னேயோ தரைச் சட்டத்தோடு ஒட்டி அமைக்க வேண்டும். அப்படி அமைத்தால் தொட்டி நிறைந்திருந்தாலும் வற்றியிருந்தாலும் வண்டியின் நடத்தை பெரிதாக மாறாது. உதிரிச் சக்கரத்தையும் ஜெர்ரி கேன்களையும் பின் கதவில் தொங்கவிடுவது பார்வைக்கு எடுப்பாக இருக்கலாம், ஆனால் அச்சிலிருந்து மிகத் தொலைவில் தொங்கும் எடைதான் ஆட்டத்தை வளர்க்கும்.

உயரத்துக்கும் இதே கண்டிப்பு வேண்டும். 600 கிலோ எடையும் தரையிலிருந்து 700 மி.மீ. உயரத்தில் ஈர்ப்பு மையமும் கொண்ட டிரெய்லரின் மேல், 1700 மி.மீ. உயரத்தில் 55 கிலோ கூரைக் கூடாரத்தை ஏற்றினால், மையம் ஏறத்தாழ 84 மி.மீ. மேலே போகிறது. பக்கவாட்டில் சரிந்த மலைப்பாதையில், ஒரு பக்கச் சக்கரம் பாறையில் ஏறும்போது இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். கூரைக் கூடாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை வைப்பவர்கள் பாட்டரி, தண்ணீர், கருவிப்பெட்டி ஆகிய கனமான பொருள்கள் அனைத்தையும் தரைச் சட்டத்தின் மட்டத்துக்கு இறக்கியே ஆக வேண்டும்.

கணக்குப் போட்டதை எடை மேடையில் சரிபார்க்க நம் பகுதியில் வசதி நிறையவே உண்டு. கிரானைட் குவாரிகளுக்கும் ஓசூர் சிப்காட்டுக்கும் செல்லும் சாலைகளில் எடை மேடைகளைக் காணலாம். டிரெய்லரைக் கழற்றி முழுவதுமாக மேடையில் நிறுத்தி ஓர் எடை எடுங்கள். பிறகு காரோடு பூட்டி, கார் மேடைக்கு வெளியே நிற்க, டிரெய்லரின் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி இன்னோர் எடை எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே கொக்கி எடை. லாரி எடை போடும் மேடைகள் பெரும்பாலும் 5 அல்லது 10 கிலோ படிகளில்தான் காட்டும் என்பதால், துல்லியம் வேண்டுவோர் வீட்டில் ஆள் நிற்கும் தராசைப் பயன்படுத்தலாம். உறுதியான பலகையின் ஒரு முனையைக் குழாய் ஒன்றின் மீதும் மறுமுனையைத் தராசின் மீதும் வைத்து, குழாயிலிருந்து பலகையின் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் கொக்கியை இறக்கினால், தராசு காட்டும் எண்ணின் மூன்று மடங்கே கொக்கி எடையாகும். பலகையின் எடை காட்டும் அளவை முன்கூட்டியே கழித்துவிட வேண்டும்.

அச்சும் இணைப்பும்

தனித்தனியாக அசையும் சஸ்பென்ஷன் கற்களின் மீது மென்மையாகச் செல்லும் என்பது உண்மைதான். ஆயினும் முதல் டிரெய்லருக்கு, எஃகுப் பட்டைகளை அடுக்கிச் செய்த பட்டை ஸ்பிரிங்கையே நான் பரிந்துரைப்பேன். பட்டை உடைந்தால் பென்னாகரத்திலோ பாலக்கோட்டிலோ உள்ள லாரிப் பட்டறையில் மாற்றிக்கொள்ளலாம். ஸ்பிரிங்கை அச்சோடு பிணைக்கும் யூ போல்ட்டும், பட்டைகளை ஒன்றாகச் சேர்க்கும் சென்டர் போல்ட்டும் எங்கும் கிடைக்கும். தொழிற்சாலை ஸ்பிரிங் பெரும்பாலும் முழு எடைக்கேற்ற கடினத்தோடு வரும். குறைந்த எடையோடு செல்லும்போது வண்டி துள்ளுமாயின், பட்டறைக்காரரின் ஆலோசனையோடு ஸ்பிரிங்கின் கடினத்தைச் சீர்செய்து ஷாக் அப்சார்பரையும் சேர்க்கலாம். பதிவான சுமைத் திறன் குறையும்படி பட்டைகளை மட்டும் உருவிவிடக் கூடாது.

டிரெய்லரின் சக்கரம், டயர் அளவு, போல்ட் அமைப்பு ஆகிய மூன்றும் காரோடு ஒத்திருப்பது பெரும் வசதி. அப்போது ஓர் உதிரிச் சக்கரம் இரண்டுக்கும் பொதுவாகிவிடும், இன்னோர் உதிரிச் சக்கரத்தின் எடையும் மிச்சமாகும். இரு சக்கரங்களுக்கு இடையிலான அகலமும் காரோடு ஒத்திருந்தால், மழைக்குப் பின் மண்பாதையில் கார் பதித்த தடத்திலேயே டிரெய்லரும் வரும்.

சாதாரண 50 மி.மீ. பந்துக் கொக்கி தார்ச்சாலைக்குப் போதுமானது. ஓடைகளில் இறங்கி ஏறும்போது அது தன் கோண வரம்பை எட்டிக் கழன்றுகொள்ளவோ, டிரெய்லரின் முன்னால் நீளும் இழுவைத் தண்டை முறுக்கவோ கூடும். எனவே மேல்கீழ், இடவலம், சுழற்சி ஆகிய மூன்று திசைகளிலும் அசையும் கப்ளிங் (இணைப்பு) வேண்டும். பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டையும் தண்டின் கீழே குறுக்காக மாட்டினால், கப்ளிங் கழன்றாலும் தண்டு தரையில் குத்தாமல் சங்கிலியின் மேல் அமரும். இழுவைத் தண்டின் குறுக்கே, அதன் மேல்விளிம்பில் பற்றவைக்க எவரையும் அனுமதிக்காதீர்கள். அதிக வளைவு விசை தாங்கும் அந்த இடத்தில் குறுக்கு வெல்டிங்கின் ஓரத்திலிருந்துதான் விரிசல் தொடங்கும்.

பிரேக் பற்றித் தயங்கவே வேண்டாம். 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் தொப்பூர் இறக்கத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எத்தனையோ கனரக வாகனங்கள் அங்கு பிரேக் சூடேறிக் கட்டுப்பாட்டை இழந்திருக்கின்றன. காருக்குள்ளிருந்து கட்டுப்படுத்தும் மின் டிரம் பிரேக்கும், டிரெய்லர் கழன்றால் தானே பிரேக்கை இயக்கும் கம்பிச் சுவிட்சும் பொருத்திக்கொண்டு, இறக்கம் தொடங்கும் முன்பே கீழ் கியருக்கு மாறிவிடுங்கள்.

புழுதி

கோடையில் மண்சாலையில் செல்லும் டிரெய்லரின் பின்னால் காற்றழுத்தம் குறைவதால், புழுதி பின்கதவின் ஒவ்வோர் இடுக்கு வழியாகவும் உள்ளே உறிஞ்சப்படுகிறது. உள்ளீடற்ற குமிழ் வடிவக் கதவு ரப்பரும், மூடும்போது ரப்பரை அழுத்தும் பூட்டும் முதல் தேவை. அதோடு, முன்பக்க மேல்பகுதியில் வடிகட்டியோடு கூடிய ஒரு காற்று வாயிலை முன்னோக்கி அமைத்தால், ஓட்டத்தின்போது பெட்டிக்குள் அழுத்தம் சற்றே கூடிப் புழுதி உள்ளே வருவது வெகுவாகக் குறையும். அலுமினியத் தகட்டை இரும்புச் சட்டத்தின் மீது நேரடியாக ரிவெட் அடிக்காமல், இடையில் பியூ (பாலியூரித்தேன்) பசையோ ரப்பர் பட்டையோ கொடுங்கள். இரு உலோகங்களும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கப்படும்.

மின்சாரம்

12.8 வோல்ட், 100 ஆம்பியர் மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரி 1280 வாட் மணி ஆற்றலைத் தரும். அதன் எடை ஏறத்தாழ 12 கிலோ. வீட்டு இன்வெர்ட்டரில் உள்ள டியூபுலர் பாட்டரியோ 50 கிலோவைத் தாண்டும். விலை கூடினாலும், எடைக் கணக்கைப் பார்த்தவர்கள் முதலாவதையே தேர்ந்தெடுப்பார்கள். 40 லிட்டர் கம்ப்ரசர் குளிர்ப்பெட்டி வெயில் நாளில் 400 முதல் 500 வாட் மணி வரை எடுத்துக்கொள்ளும் என்று கொண்டால், விளக்கும் பம்பும் சேர்த்து இரண்டு நாள் தாங்கும். வானம் தெளிந்த நாளில் 200 வாட் சோலார் தகடு ஏறத்தாழ 800 வாட் மணி தரும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் அதை நம்பக் கூடாது.

காரிலிருந்து பாட்டரியை ஏற்றும்போது பலரும் கவனிக்கத் தவறுவது கம்பியின் பருமனை. கார் பாட்டரிக்கும் டிரெய்லருக்கும் 6 மீட்டர் தூரம் என்றால், மின்சாரம் போய்வர 12 மீட்டர் செம்புக் கம்பி. 20 ஆம்பியர் ஓடும்போது 6 சதுர மி.மீ. கம்பியில் 0.7 வோல்ட் வீணாகும். 16 சதுர மி.மீ. கம்பியில் 0.26 வோல்ட்தான். புதிய கார்களின் ஆல்டர்னேட்டர் (எஞ்சினால் சுழலும் மின்னாக்கி) மின்னழுத்தத்தைத் தேவைக்கேற்பக் குறைத்துக்கொள்ளும் என்பதால், மின்னழுத்தத்தைப் பாட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிசி-டிசி சார்ஜர் இடையில் அவசியம். ஃபியூஸை இரு பாட்டரிகளின் நேர்முனைக்கும் மிக அருகில் வையுங்கள்.

தண்ணீரும் சமையலும்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு மிகுதியாக உள்ளது. ஜப்பானிய நிதியுதவியோடு அமைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கிவைக்கப்பட்டதன் காரணமே அதுதான். குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பதே இந்தியத் தர நிர்ணயத்தின் ஏற்பு வரம்பு. கொதிக்க வைப்பதால் ஃபுளோரைடு நீங்காது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு கூடவே செய்யும். ஆகவே தொட்டியை இரண்டாகப் பிரித்து, கழுவுவதற்குக் கிணற்று நீரையும் குடிக்கவும் சமைக்கவும் காவிரிக் குடிநீரையோ ஆர்ஓ நீரையோ தனித்தனியாக எடுத்துச் செல்லுங்கள். தொட்டியைப் பிரிப்பதால் வளைவுகளில் நீர் அலைவதும் குறையும்.

எரிவாயு காற்றைவிடக் கனமானது. 5 கிலோ சிலிண்டரை உறங்கும் பகுதியிலிருந்து முற்றிலும் அடைத்த தனிப்பெட்டியில் வைத்து, அந்தப் பெட்டியின் அடித்தளத்திலேயே வெளிநோக்கிய துளைகள் விட வேண்டும். வெளியே இழுக்கும் சமையல் தட்டுக்கு, திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் பூட்டிக்கொள்ளும் தண்டவாளங்களையே வாங்குங்கள்.

சமையல் பகுதியை வாசனை கசியாதபடி மூடக்கூடியதாக அமைப்பதற்கு நம் மாவட்டங்களில் கூடுதல் காரணம் உண்டு. கேழ்வரகு முற்றும் பருவத்தில் பன்னேருகட்டா காடுகளிலிருந்து தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பகுதிகளுக்கு யானைக் கூட்டங்கள் ஆண்டுதோறும் வருகின்றன. காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் 2014இலும் காவிரி தெற்குச் சரணாலயம் 2022இலும் அறிவிக்கப்பட்டவை. அங்கும் காப்புக்காடுகளிலும் வனத்துறை அனுமதியின்றி நுழைவதும் தங்குவதும் குற்றம். காட்டோரத்தை விட்டு விலகி, உரிமையாளரிடம் கேட்டு, மாந்தோப்பிலோ புளியந்தோப்பிலோ நிறுத்துவதே முறை. அந்த இடத்திலும் பழங்களையும் அரிசியையும் வெளியே விட்டுவைக்காதீர்கள்.

முதல் ஓட்டம்

முழுச் சுமையோடு முதலில் தார்ச்சாலையில் 50 கிலோமீட்டர் ஓட்டி, சக்கர நட்டுகளையும் யூ போல்ட்டுகளையும், குறித்த அளவு விசையோடு இறுக்க உதவும் டார்க் ரென்ச்சால் மீண்டும் இறுக்குங்கள். நின்ற இடத்திலேயே இரு சக்கரங்களின் ஹப்களையும் (நடுப்பகுதிகளையும்) கையால் தொட்டுப் பார்க்க, ஒன்று மட்டும் மிகச் சூடாக இருந்தால் பேரிங் அல்லது பிரேக் ஷூ இறுகியிருக்கிறது என்று பொருள். அடுத்த ஓட்டத்தை மண்சாலையில் வைத்துக்கொண்டு, டயர் காற்றைக் குறைத்து, மெதுவாகச் செல்லுங்கள். திரும்பியதும் பெட்டிக்குள் எந்த மூலையில் புழுதி படிந்திருக்கிறது, எந்தக் கம்பி எங்கே உரசியிருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்புகளின்படி ரப்பரையும் கம்பிப் பிடிப்புகளையும் சரிசெய்து, மீண்டும் எடை மேடையில் நிறுத்திக் கொக்கி எடையைச் சரிபார்த்த பிறகு மலைச்சாலைக்குச் செல்லலாம்.