சொல்தா வீட்டு இரும்புத் தொப்பி: யாருடையது என்று தேடுவது எப்படி?

குருசுக்குப்பத்தில் தெரிந்தவர் ஒருவரின் பழைய வீட்டை இடிப்பதற்கு முன் சாமான்களை ஒழித்துக்கொண்டிருந்தார்கள். கிணற்றடியில் கோழிகளுக்குத் தண்ணீர் வைக்கும் பாத்திரம் ஒன்று கிடந்தது. நிமிர்ந்திருந்தவரை அது பாத்திரம். கவிழ்த்துப் பார்த்தபோதுதான் ராணுவத் தலைக்கவசம் என்று தெரிந்தது. சுற்றிலும் மங்கிய வெள்ளைப் பட்டை, நெற்றிப் பக்கம் ‘பி’, ‘எம்’ என்று இரண்டு எழுத்துகள். வீட்டுப் பாட்டி, “எடுத்துக்கொண்டு போ தம்பி, எனக்கு எதற்கு?” என்று சொல்லிவிட்டார். அதன் உள்தொப்பி டிரங்குப் பெட்டியில் தனியாகக் கிடைத்தது.

புதுச்சேரியில் இப்படிப்பட்ட பொருள் கிடைப்பது அதிசயமில்லை. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துத் திரும்பிய சொல்தாக்களின் வீடுகள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. உங்கள் கையிலும் ஒன்று சிக்கினால் என்ன செய்வது என்பதை நான் செய்த தவறுகளோடு சேர்த்தே எழுதுகிறேன்.

முதல் வேலை: கழுவாதீர்கள்

நான் கொண்டுவந்து வைத்த அன்றே பெரியம்மா பித்தளைக் குடத்தோடு சேர்த்து இதையும் புளி போட்டுத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். ஓடிப்போய்ப் பிடுங்குவதற்குள் பின்பக்கம் உள்ளங்கை அளவுக்குப் பெயிண்ட் போய்விட்டது. நீங்கள் தேடப்போகும் செய்தியில் பாதி அந்தப் பெயிண்டிலும் அழுக்கிலும்தான் இருக்கிறது. உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தூசியைத் தட்டினால் போதும். பிறகு பகல் வெளிச்சத்தில் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். உள்பக்கத்தை டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து எடுங்கள். நேராக அடிக்கும் வெளிச்சத்தில் தெரியாத பள்ளங்கள் சாய்ந்த வெளிச்சத்தில் எழும்பி நிற்கும்.

இரண்டாவது: எந்த நாட்டு ஓடு (வெளிப்புற உலோகத் தொப்பி)?

அகலமான தட்டைக் கவிழ்த்ததுபோல் விளிம்பு விரிந்திருந்தால் அது பெரும்பாலும் பிரிட்டிஷ் வகை. உச்சியில் முகடு ஓடினால் பிரெஞ்சு ஏட்ரியன். ஆழமான கிண்ணம்போல இருந்து, முன்பக்கம் சிறிய கூரை நீண்டு, உள்ளே தனியாகக் கழற்றக்கூடிய இன்னொரு தொப்பி இருந்தால், 1941இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட எம்-1. எனக்குக் கிடைத்தது இதுதான்.

இங்கேதான் நான் ஏமாந்தேன். ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தை வைத்துப் பார்த்தேன்; ஒட்டவில்லை. ‘சரி, நாடகக் கம்பெனிச் சாமான்’ என்று மூலையில் போட்டுவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, இரண்டாம் உலகப் போர்க்கால எம்-1 ஓடு ஹாட்ஃபீல்டு மாங்கனீசு எஃகால் ஆனது, அந்த எஃகைக் காந்தம் இழுக்காது என்று. ஒட்டாமல் இருப்பதுதான் நல்ல சகுனம்.

மூன்றாவது: வயதைப் படிப்பது

விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய உலோகப் பட்டை ஓடும். அதன் இரண்டு முனைகளும் எங்கே சேர்கின்றன என்று விரலால் தடவிப் பாருங்கள். நெற்றிப் பக்கம் சேர்ந்தால் ஓடு ஏறத்தாழ 1944 கடைசிக்கு முன் செய்யப்பட்டது. பிடரிப் பக்கம் என்றால் அதற்குப் பின். தாடை வாரைக் கோக்கும் வளையம் அசையாமல் பற்றவைக்கப்பட்டிருந்தால் இன்னும் பழையது. ஆடும் வளையம் 1943இல் வந்தது. முன்பக்கத்தின் உட்புறத்தில் ஓர் எண்ணும் எழுத்தும் அச்சாகியிருக்கும். அது எஃகு எந்தத் தொகுதியைச் சேர்ந்தது என்பதற்கான குறி, சிப்பாயின் எண் அல்ல. எண்ணுக்கு மேல் ‘எஸ்’ இருந்தால் ஷ்லூட்டர் கம்பெனி, இல்லாவிட்டால் மெக்கார்டு. போர்க்காலத்தில் மட்டும் 2 கோடிக்கு மேல் செய்திருக்கிறார்கள். ஆகவே ஓட்டைக் கண்டு மயங்க வேண்டாம்.

நான்காவது: எழுத்துகளை நம்பாதீர்கள்

‘பி’, ‘எம்’ இரண்டும் ராணுவப் போலீஸைக் குறிக்கும் எழுத்துகள். அந்தப் போலீஸ் தொப்பிக்குச் சந்தையில் விலை அதிகம். சாதாரணத் தொப்பியில் வெள்ளைப் பெயிண்டால் இரண்டு எழுத்து எழுதிவிட்டால் வேலை முடிந்தது. அதனால் நான் எப்போதும் வெளியே இருக்கும் எழுத்தைக் கடைசிச் சாட்சியாகத்தான் வைப்பேன்.

லென்ஸ் வைத்துப் பாருங்கள். போர்க்காலத்து எம்-1இன் பச்சைப் பெயிண்டில் பளபளப்பைக் குறைக்கத் தக்கைத் தூள் கலந்திருக்கும். போருக்குப் பின் வந்தவற்றில் மணல். தக்கைத் தூளாக இருந்தால் சொரசொரப்பு உருண்டையாக, ரவை உப்புமாபோல இருக்கும். அதன்மேல் வெள்ளை எப்படிப் படிந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. ஒரு கீறல் வெள்ளையையும் பச்சையையும் சேர்த்து அறுத்துக்கொண்டு போய், அடியில் துருப் பிடித்திருந்தால், எழுத்து கீறலுக்கு முந்தியது. வெள்ளைப் பெயிண்ட் கீறலுக்குள் வழிந்து இறங்கியிருந்தால், யாரோ பிற்பாடு எழுதியது. என் தொப்பியில் ‘எம்’மின் இடது காலை ஒரு நீளக் கீறல் குறுக்கே வெட்டியிருந்தது, உள்ளே காவி நிறத் துரு. மனம் கொஞ்சம் ஆறியது.

எழுத்துகளின் வரிசையும் முக்கியம். அமெரிக்கரும் ஆங்கிலேயரும் ‘எம்’மை முதலில் எழுதுவார்கள். ‘பி’ முதலில் வந்தால் நம் ஊரில் பெரும்பாலும் பிரெஞ்சு: போலீஸ் மிலித்தேர். அமெரிக்கத் தொப்பியில் பிரெஞ்சு எழுத்து எப்படி என்று குழம்ப வேண்டாம். பிரெஞ்சுப் படைக்கு அமெரிக்கா ஏராளமான தளவாடங்களைக் கொடுத்தது. பிற்பாடு வியட்நாம் பக்கம் நடந்த இந்தோசீனப் போரில் பிரெஞ்சுப் படையினர் போட்டிருந்ததில் எம்-1உம் உண்டு.

ஐந்தாவது: உள்தொப்பி

வியர்வைப் பட்டையின் தோலை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். அமெரிக்கச் சிப்பாய்கள் தங்கள் பொருள்களில் குடும்பப் பெயரின் முதல் எழுத்தையும் ராணுவ எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையும் போட்டு வைப்பார்கள். என் உள்தொப்பியில் ‘எச்’சும் நான்கு இலக்கமும் இருந்தன.

உடனே துள்ளாதீர்கள். அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத்தளத்தில் இரண்டாம் உலகப் போருக்குப் படையில் சேர்ந்த சுமார் 90 லட்சம் பேரின் பதிவுகள் இருக்கின்றன. கடைசி நான்கு இலக்கம் ஒன்றாக இருப்பவர்கள் சராசரியாக 900 பேர். அவர்களில் பெயர் ‘எச்’சில் தொடங்குபவர்கள் மட்டுமே சில பத்துப் பேர். எட்டு இலக்கமும் கிடைத்தால்தான் ஒருவரில் வந்து நிற்கலாம். அப்போதும் பணிக்கோப்பு கிடைக்குமா என்பது அதிர்ஷ்டம்: 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் ஆவணக் கட்டடம் எரிந்தபோது, 1912 முதல் 1960 வரை பணி முடித்த தரைப்படையினரின் கோப்புகளில் சுமார் 80 சதவிகிதம் போய்விட்டன.

ஆறாவது: நம் ஊர்ப் பக்கம் தேடுவது

வீட்டில் பிரெஞ்சு ராணுவக் கையேடு, லிவ்ரே மிலித்தேர், இருக்கிறதா என்று கேளுங்கள். ரேஷன் கார்டு வைத்திருக்கும் உறைக்குள்ளேயே இருக்கும். அதில் ‘மத்திரிகுல்’ எண்ணும் (படைப் பதிவு எண்), ‘கிளாஸ்’ என்ற ஆண்டும் இருக்கும். கிளாஸ் என்பது வழக்கமாக அவருக்கு 20 வயது நிறையும் ஆண்டு. 1940 என்றால் பிறந்தது 1920. பிறப்புப் பதிவைத் தேட இந்த ஒரு கணக்கே போதும். பிரெஞ்சிந்தியப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளில் பழையவற்றை பிரான்சின் எக்ஸ் ஆன் புரோவான்ஸ் நகரில் உள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகம் இணையத்தில் வைத்திருக்கிறது. படைவீரர்களின் பணிக்கோப்புகளுக்கு, பிரான்சின் ‘போ’ (Pau) என்ற நகரில் உள்ள ராணுவப் பணியாளர் ஆவண மையத்துக்குப் பிரெஞ்சில் கடிதம் எழுத வேண்டும்.

பெயர்தான் பெரிய தொல்லை. ‘முத்து’வைப் பிரெஞ்சுக்காரர்கள் எழுதும்போது ‘உ’ ஓசைக்கு ‘ஓ’, ‘யு’ என இரண்டு எழுத்து போடுவார்கள். ஆங்கில எழுத்துக்கூட்டில் தேடினால் ஆளே கிடைக்கமாட்டார். அதைவிடச் சிக்கல் ரெனோன்சான் குடும்பங்கள். 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஆணையின்படி தனிநபர் சட்டத்தை (திருமணம், வாரிசுரிமை போன்றவற்றில் தங்கள் சமூக வழக்கத்தை) துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் புதுக் குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். தாத்தாவுக்கு ஒரு பெயர், அவருடைய அப்பாவுக்கு வேறு பெயர் என்று வந்தால் திகைக்க வேண்டாம், இரண்டிலும் தேடுங்கள்.

‘மெமுவார் தெ ஓம்’ என்ற பிரெஞ்சு அரசுத் தளத்தில் போர்களில் இறந்தவர்களின் பட்டியல்கள் இருக்கின்றன. உயிரோடு ஊர் திரும்பியவர் அவற்றில் இருக்கமாட்டார். நான் இது புரியாமல் இரண்டு வாரம் வீணடித்தேன்.

கடைசியில் செய்தது, முதலில் செய்திருக்க வேண்டியது

எல்லாம் பார்த்த பிறகு பாட்டியிடம் போய் உட்கார்ந்தேன். “தாத்தா ராணுவப் போலீஸில் இருந்தாரா பாட்டி?”

“போலீஸா? அவர் சமையற்கட்டில் இருந்தவர். சைகோனிலிருந்து கப்பல் ஏறும்போது, உருளைக்கிழங்கு போட்டு வைத்திருந்த தொப்பியைக் கிழங்கோடு கொண்டுவந்துவிட்டார்.”

பெட்டியிலிருந்த கையேடும் அதையே சொன்னது. இப்போது தொப்பிக்குள் ஒரு அட்டை வைத்திருக்கிறேன். முதலில் வாங்கியவர்: ‘எச்’, நான்கு இலக்கம். வெள்ளைப் பட்டையோடு போட்டிருந்தவர்: ஒரு பிரெஞ்சு ராணுவப் போலீஸ்காரர், பெயர் எழுத இடம் விட்டிருக்கிறேன். புதுச்சேரிக்குக் கொண்டுவந்தவர்: பாட்டியின் கணவர். கடைசியாகப் பயன்படுத்தியவை: ஐந்து கோழிகள்.