டீ ஃபேக்டரி பேனல்ல ரீடிங் தானா குதிக்குதா? சர்க்யூட் கார்டை மாத்துறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

குன்னூர், கோத்தகிரி பக்கம் டீ ஃபேக்டரிகள்ல பேனல் வேலை பாக்குறேன். ட்ரையர் ரீடிங் 100ல இருந்து திடீர்னு 130க்கு குதிக்குது, மெஷினை ஓட்டுற சின்ன கம்ப்யூட்டரான பிஎல்சி தானா ரீசெட் ஆகுதுன்னு ஃபோன் வந்தா நான் கேக்குற முதல் கேள்வி, "ட்ரஃப் ஃபேனுக்கு புதுசா டிரைவ் போட்டீங்களா?" (ட்ரஃப் ஃபேன்னா இலையை வாட்டுற தொட்டிக்கு காத்தடிக்கிற ஃபேன், டிரைவ்னா மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற பெட்டி.) பெரும்பாலும் ஆமாம்பாங்க.

டிரைவ் வோல்ட்டேஜை செகண்டுக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டி மோட்டாருக்கு அனுப்புது, அந்த ஒயர் பக்கத்துலயே சூட்டை அளக்குற தெர்மோகப்புள் ஒயரும் ஒரே ட்ரேல படுத்திருந்தா மில்லிவோல்ட்ல வர்ற சிக்னல் என்னத்துக்கு ஆகும்? ரெண்டையும் பிரிங்க, 30 செ.மீ. இடைவெளி இருந்தா நல்லது, குறுக்க போயே ஆகணும்னா நேர் செங்குத்தா கடக்க விடுங்க. மோட்டாருக்கு ஷீல்டு (மெட்டல் உறை) இருக்க கேபிள், ரெண்டு முனையிலயும் எர்த். ஷீல்டை முறுக்கி வால் மாதிரி நீட்டி ஒரு ஸ்க்ரூல கட்டுறாங்க பாருங்க, அது பாதி வேலைதான் செய்யும், பெயின்ட்டை சுரண்டிட்டு மெட்டல் கிளாம்ப்ல சுத்தி முழுசா கவ்வணும். தெர்மோகப்புள் ஷீல்டுக்கு பேனல் பக்கம் மட்டும் எர்த் போதும்.

எல்லாரும் எர்த் பிட்ல உப்பும் கரியும் கொட்டி தண்ணி ஊத்துறாங்க. ஷாக், இடி மின்னலுக்கு அது வேணும்தான், ஆனா இந்த ஹை ஃப்ரீக்வென்சி நாய்ஸுக்கு நீள எர்த் ஒயரே தடை. பேனல் கதவுக்கும் பாடிக்கும் நடுவுல அகலமான, நீளம் கம்மியான செம்புப் பின்னல் பட்டை போடுங்க, கீல் பெயின்ட்டை நம்பாதீங்க.

கான்டாக்டர் (மோட்டாரை ஆன், ஆஃப் பண்ற காந்த ஸ்விட்ச்) ஆஃப் ஆகும்போது பிஎல்சி ரீசெட் ஆனா அதோட காயில்ல சப்ரஸர், அதாவது வோல்ட்டேஜ் துள்ளலை அடக்குற சாமான், இல்லன்னு சந்தேகப்படலாம். ஏசி காயிலுக்கு ஆர்சி (ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் சேர்ந்தது), 24 வோல்ட் டிசி காயிலுக்கு டயோடு, கோடு போட்ட முனை பிளஸ் பக்கம். மாத்திப் போட்டா ஷார்ட்.

இனி ஸ்டாட்டிக். சார்ட்டிங் ரூம்ல ஃபைபர் எக்ஸ்ட்ராக்டர் பாத்திருப்பீங்க, பிவிசி ரோலரை துணி உரசி உரசி ஸ்டாட்டிக்கை வேணும்னே உண்டாக்கி அதாலதான் தூள்ல இருக்க நாரை இழுக்குது. அந்த ரூம்ல கார்டை கவரை விட்டு வெளிய எடுக்காதீங்க. ஜனவரி பனி சீசன்ல காத்து வறண்டு கிடக்கும்போது ஸ்வெட்டரோட ஒரு தடவை மெமரி கார்டை கழட்டி மாட்டினேன், சுருக்குனு கூட இல்ல, ரெண்டு வாரம் ஓடிட்டு செத்துச்சு. நம்ம விரலுக்கு ஏறக்குறைய 3000 வோல்ட் இருந்தாத்தான் உறைக்கும், சில சிப்புக்கு 100 வோல்ட்டே எமன்.

அதனால சப்ளை ஆஃப் பண்ணி, டிரைவ்ல எழுதியிருக்க டிஸ்சார்ஜ் டைம் வரைக்கும் காத்திருந்து, மணிக்கட்டுல கட்டுற ரிஸ்ட் ஸ்ட்ராப்பை பெயின்ட் இல்லாத எர்த் மெட்டல்ல மாட்டுங்க. ஸ்ட்ராப்புக்குள்ள 1 மெகாஓம் ரெசிஸ்டர் இருக்கணும், வெறும் ஒயரை கையில சுத்துறது உயிருக்கே ஆபத்து. ஸ்பேர் கார்டு சில்வர் கவர்லயே இருக்கட்டும், பிங்க் கவர் தானா சார்ஜ் ஆகாது அவ்வளவுதான், வெளிய இருந்து வர்றதை தடுக்காது. ஸ்டாண்டர்டுப்படி கான்டாக்ட்ல 4, காத்துவழி 8 கிலோவோல்ட் ஸ்டாட்டிக் டெஸ்ட் பாஸ் ஆன சாமான்தானேம்பாங்க, அது மூடின டப்பாவுக்கு, கையில இருக்க வெறும் கார்டுக்கு இல்ல. வேலை முடிஞ்சு சப்ளை போடுறதுக்கு முன்னாடி ஸ்ட்ராப்பை கழட்டிடுங்க, லைவ் பேனல்ல அதோட கை விடக்கூடாது.